சுடுவதா, தூண்டுவதா, காத்திருப்பதா? எண்ணச் சுழற்சி நோய்க்கு மூளை அறுவையும் மரபணுச் சோதனையும்

அண்ணனுக்கு ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய் வந்து 17 வருடம் ஆகிறது. பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பதில் தொடங்கியது. பிறகு அடுப்பு, குழாய், சுவிட்ச், அனுப்பிவிட்ட கடிதம், வண்டியில் வரும்போது யாரையாவது இடித்துவிட்டோமோ என்ற சந்தேகம் என்று வளர்ந்துகொண்டே போனது. வீட்டைவிட்டுக் கிளம்பவே மூன்று மணி நேரம் என்று ஆனபோது வேலை போயிற்று. மாத்திரைகள் மாறின, மருத்துவர்கள் மாறினார்கள். சென்ற வருடம் ஒரு மருத்துவர், "ஆபரேஷனைப் பற்றியும் யோசிக்கலாம்" என்றார். அதே வாரம் உறவினர் ஒருவர், "காரணம் தெரியாம மண்டையில கை வைக்க விடாதீங்க, முதல்ல ஜீன் டெஸ்ட் எடுங்க" என்றார்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்து விழுந்ததால், நான் இரண்டையும் சேர்த்தே படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவர் இல்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்காகக் கேள்வி கேட்கிறவன். இதே இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு, நான் படித்ததையும் அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன்.

படித்ததில் என்னை முதலில் உறுத்தியது இதுதான். மனநோய்களின் மரபணுக் காரணம் பற்றிய ஆராய்ச்சி அதிகம் முன்னேறியிருப்பது மனச்சிதைவு நோயில். அந்த நோய்க்கு மூளை அறுவை இன்று ஏற்கப்பட்ட சிகிச்சையே இல்லை. அறுவைக்கு ஓரளவு கனமான சான்று இருப்பது ஓ.சி.டி.யில். அதில் மரபணு ஆராய்ச்சி இப்போதுதான் நடக்கப் பழகுகிறது. ஒன்றின் முடிவை வைத்து மற்றொன்றைத் தீர்மானிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி

"மருந்துக்குக் கட்டுப்படாத நோய்" என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் உடனே அதை நம்பிவிடக் கூடாது. அறுவை செய்யும் மையங்கள் அந்தச் சொல்லுக்கு வைத்திருக்கும் அளவு கறாரானது. பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடமாவது நோய் கடுமையாக இருந்திருக்க வேண்டும். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை, தாங்கக்கூடிய உச்ச அளவில், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். குளோமிப்ரமின் என்ற பழைய மருந்தையும் முயன்றிருக்க வேண்டும். கூடவே வேறு வகை மருந்தொன்றைச் சிறு அளவில் சேர்த்தும் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் இ.ஆர்.பி. என்னும் பயிற்சியை முழுமையாகச் செய்திருக்க வேண்டும். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக நேருக்கு நேர் பார்க்க வைத்து, அதன்பின் எழும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது அது. 1966-இல் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டியதில் இருந்து வளர்ந்த முறை. இன்றும் மருந்துக்கு நிகராக, சில சமயம் அதற்கு மேலாக நிற்கிறது.

2014-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சிகிச்சை தேடி வந்த 325 ஓ.சி.டி. நோயாளிகளை இந்தக் கறாரான அளவுகோலில் வைத்துப் பார்த்தது. அறுவைக்குத் தகுதி பெற்றவர்கள் 2 பேர். நோய் லேசானது என்று இதற்குப் பொருள் இல்லை. கடுமையாக நோயுற்றவர்களிலும் பலர் எல்லாச் சிகிச்சைகளையும் முழு அளவில் பெற்றிருக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. அண்ணனின் பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கியபோது, 17 வருடத்தில் ஐந்து மருந்துகள் தெரிந்தன. அவற்றில் மூன்று உச்ச அளவைத் தொட்டதே இல்லை. குளோமிப்ரமின் ஒரே ஒரு முறை, 20 நாள். இ.ஆர்.பி. என்று எழுதியிருந்தது, நடந்தது என்னவென்று அண்ணனைக் கேட்டால், "மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க" என்கிறார். அறுவையைப் பற்றி யோசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மருந்தின் பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தப்பட்டது. ஒரே பக்கத்தில் இந்த நான்கும் இருந்தால் மருத்துவரோடு பேசும் பேச்சே மாறிவிடும்.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். அதன் ஆழமாகச் செல்லும் வகைக்கு 2018-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஓ.சி.டி.க்கு அனுமதி தந்தது. அதற்கு அடிப்படையான சோதனையில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும் பலன் இருந்தது. பிரமாதமான எண் இல்லை. ஆனால் மண்டையில் துளை போட வேண்டியதில்லை. மயக்க மருந்தும் தேவையில்லை. அறுவைக்கு முன் இதைக் கேட்காமல் விடக் கூடாது. ஷாக் என்று வழக்கில் சொல்லப்படும் மின்அதிர்வுச் சிகிச்சையையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கடும் மனச்சோர்வில் அது உயிர் காக்கும் சிகிச்சை; ஓ.சி.டி.யின் மூலத்துக்கு அதனால் பெரிய பயன் இருப்பதாகச் சான்று இல்லை.

பழைய பயம்

மூளை அறுவை என்றதும் அம்மா அழுதுவிட்டார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1935-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் மூளையின் முன்பகுதி இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். அதற்காகவே 1949-இல் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் கண்குழி வழியே கருவியைச் செலுத்திச் சில நிமிடங்களில் முடிக்கும் முறையாக அதை மாற்றி, பல்லாயிரம் பேர் மீது அது நடக்க வழி செய்தார். ஆளைக் கேட்காமல், அளந்து பார்க்காமல், பின்தொடராமல். 1952-இல் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்த பிறகே அந்த அலை அடங்கத் தொடங்கியது. இன்று செய்யப்படுவது ஸ்கேனில் இடம் குறித்து, சில மில்லிமீட்டர் அளவில், நோயாளியின் சம்மதத்தோடு செய்யப்படும் வேலை. அன்று இல்லாத கட்டுப்பாடுகளை எல்லாம் இன்றைய மையம் ஒன்று பின்பற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள, அந்தப் பயம் நமக்கு உதவட்டும்.

ஒரே கற்றை, இரண்டு வழி

ஓ.சி.டி.யில் மூளையின் முன்பகுதி, ஆழத்தில் உள்ள ஸ்டிரையேட்டம், தாலமஸ் ஆகியவற்றை இணைக்கும் ஒரு சுற்று ஓயாமல் ஓடுகிறது என்பது இன்றைய புரிதல். "கதவு பூட்டியிருக்கிறது" என்று கண் சொன்னாலும் "சரியாகிவிட்டது" என்ற உணர்வு வருவதில்லை. இந்தச் சுற்றின் நரம்பிழைகள் அடர்ந்து செல்லும் ஒரு கணவாய் உண்டு. இன்டர்னல் கேப்சூல் என்பதன் முன் கிளை. அதில் ஒரு சிறு பகுதியைச் சுட்டு அழிப்பது கேப்சுலோட்டமி. அதே பகுதியில் மின்முனையைப் பதித்து ஓயாமல் மின்துடிப்பு கொடுப்பது டி.பி.எஸ். என்கிற ஆழ்மூளைத் தூண்டல். சற்றுத் தள்ளி சிங்குலேட் பட்டையைச் சுடும் சிங்குலோட்டமியும் 1960களிலிருந்து செய்யப்பட்டு வருகிறது. தொந்தரவு குறைவு, பலனும் கொஞ்சம் குறைவு என்பதே அதைப் பற்றி எனக்குக் கிடைத்த பொதுவான சித்திரம்.

கேப்சுலோட்டமியை மூன்று விதமாகச் செய்கிறார்கள். மண்டையில் சிறு துளையிட்டு, ஊசிமுனையின் சூட்டால் சுடுவது பழைய வழி. இரண்டாவது காமா நைஃப். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய கருவி இது. ஏறத்தாழ 200 மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறது. கத்தி படுவதில்லை, ஆனால் பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். மூன்றாவது, எம்.ஆர்.ஐ.க்குள் படுக்க வைத்து ஒலி அலைகளைக் குவித்துச் சூடாக்குவது. தென் கொரியாவில் 4 நோயாளிகளிடம் செய்த முதல் அறிக்கை 2015 வாக்கில் வந்தது. இதில் ஒரு வித்தியாசமான தடை உண்டு: சிலருடைய மண்டையோட்டு எலும்பின் தன்மை ஒலி அலையை உள்ளே விடுவதில்லை, வேண்டிய சூடு ஏறாது. அதை முன்கூட்டியே சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்பதால், இந்த வழியை நாடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த அளவைத்தான்.

டி.பி.எஸ். வேறு ரகம். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட், போல்லாக் என்ற இரு மருத்துவர்கள் நடுக்கத்துக்குச் செய்யத் தொடங்கியது. 1999-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் நட்டின் குழு அதை ஓ.சி.டி.க்கு முயன்றது. 2009-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அரிய நிலைகளுக்கான கருணை அடிப்படையிலான அனுமதி ஒன்றை ஓ.சி.டி.க்கு வழங்கியது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் தடிமன் உள்ள இரண்டு மின்முனைகள் மூளைக்குள் போகின்றன. காதுக்குப் பின்னால், கழுத்துத் தோலுக்கடியில் ஒயர். மார்பில் காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. அறுவை முடிந்த அன்று சிகிச்சை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. எந்தத் தொடுமுனை, எத்தனை வோல்ட், எவ்வளவு அகலத் துடிப்பு என்று மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

எது நன்றாக வேலை செய்கிறது? இங்கேதான் விளம்பரங்களுக்கும் ஆய்வுகளுக்கும் தூரம் அதிகம். இரண்டையும் ஒரே ஆய்வில், குலுக்கல் முறையில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய சோதனையை அடிப்படையாகக் கொண்டு இந்தத் துறை முடிவெடுக்கவில்லை. தனித்தனி ஆய்வுகளை அடுக்கி ஒப்பிடுவதே வழக்கம். 2015-இல் வந்த அப்படியொரு தொகுப்பு 170 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. நோயின் கடுமையை 0 முதல் 40 வரை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில், டி.பி.எஸ். பெற்றவர்களுக்குச் சராசரியாக 40 சதவீதமும் கேப்சுலோட்டமி பெற்றவர்களுக்கு 51 சதவீதமும் குறைந்திருந்தது. மூளையைச் சுடுவது பழங்காலத்து மிச்சம், டி.பி.எஸ்.தான் முன்னேற்றம் என்று நான் நினைத்திருந்ததை இந்த எண்கள் ஆட்டிவிட்டன. ஆனால் அதே தொகுப்பில் சுட்டவர்களில் 29 சதவீதத்தினருக்கு உடல் எடை கூடியிருந்தது. டி.பி.எஸ். பெற்றவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே.

2020-இல் ஆம்ஸ்டர்டாம் குழு, தங்களிடம் டி.பி.எஸ். செய்துகொண்ட 70 பேரின் ஒரு வருட முடிவை வெளியிட்டது. 52 சதவீதத்தினருக்குப் பலன், 17 சதவீதத்தினருக்குப் பாதிப் பலன், 31 சதவீதத்தினருக்குப் பலன் இல்லை. இந்த மூன்றாவது எண்ணை நான் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றில் ஒருவர் மண்டையில் துளையிட்டும் அப்படியே இருக்கிறார். பலன் கிடைத்தவர் யார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அளவுகோலில் 35 சதவீதம் குறைந்தால் ஆய்வுகளில் அவர் "பலன் கிடைத்தவர்". 36-இல் இருந்தவர் 23-க்கு இறங்கினால் போதும். 23 என்பது இன்னும் நோய்தான், நடுத்தர நோய். ஆனால் மூன்று மணி நேரச் சடங்கு நாற்பது நிமிடமாகும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

சுடுவதன் இருண்ட பக்கத்தை ஸ்வீடன் ஆய்வாளர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். 2008-இல் கிறிஸ்டியன் ரூக் குழு, கேப்சுலோட்டமி செய்துகொண்ட 25 பேரைப் பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓ.சி.டி. நன்கு குறைந்திருந்தது. ஆனால் 10 பேருக்கு மந்தம், தன்னைக் கட்டுப்படுத்த முடியாமை, திட்டமிட்டுச் செயல்படுவதில் தடுமாற்றம் போன்ற கணிசமான தொல்லைகள். அதிகக் கதிர்வீச்சு, பெரிய அளவில் சுடுதல், திரும்பவும் சுடுதல் ஆகியவற்றோடு இவை சேர்ந்திருந்தன. அதன் பிறகு அளவைக் குறைத்துச் சிறியதாகச் சுடும் போக்கு வலுத்தது. எந்த மையத்தில் கேட்டாலும் "உங்கள் சராசரி அளவு என்ன, இரண்டாம் முறை சுட வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்பது அதனால்தான் முக்கியம். காமா நைஃபில் சில வருடம் கழித்துச் சுட்ட இடத்தில் நீர்க்கட்டி தோன்றுவதும் உண்டு. ஆகவே பத்து வருடத்துக்குப் பிறகும் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

டி.பி.எஸ்.ஸின் ஆபத்துகள் வேறு வகை. மின்முனை செல்லும் வழியில் இரத்தக் கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம். கருவி இருக்கும் இடத்தில் தொற்று வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். மின்துடிப்பைக் கூட்டும்போது சிலருக்குத் தூக்கம் போய், பேச்சும் உற்சாகமும் அளவுக்கு மீறிய நிலை வருகிறது. அது அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். 2008-இல் பிரெஞ்சுக் குழு 16 பேரிடம் செய்த சோதனையில் தூண்டல் இருந்த காலத்துக்கும் நிறுத்திய காலத்துக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது, 28 என்ற மதிப்பு 19 ஆனது. அதே 16 பேரில் ஒருவருக்கு மூளையில் இரத்தக் கசிவும் நேர்ந்தது.

"திரும்பப் பெறலாம்" என்ற சொல்

டி.பி.எஸ்.ஸுக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் வாதம் இது: சுட்டால் சுட்டதுதான், டி.பி.எஸ்.ஸை அணைத்துவிடலாம், எடுத்தும்விடலாம். நானும் இதைத்தான் பற்றிக்கொண்டேன். பிறகு அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன்.

அணைக்கலாம் என்பது உண்மை. ஆனால் பலன் கிடைத்தவருக்கு அணைத்தால் என்ன ஆகிறது? நோய் திரும்புகிறது, பல நேரம் மனநிலை சில மணி நேரத்திலேயே, சில நாளிலேயே சரிந்துவிடுகிறது. தற்கொலை எண்ணம் வரும் அளவுக்குச் சரிவதும் உண்டு. பேட்டரி தீர்ந்தாலும் அதே கதைதான். ஓ.சி.டி.க்கு நடுக்கத்துக்குத் தேவைப்படுவதைவிட அதிக மின்சக்தி வேண்டியிருப்பதால், சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி சில வருடத்தில், சிலருக்கு இன்னும் விரைவில் தீரும். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு அறுவை. சார்ஜ் ஏற்றும் வகை பல வருடம் வரும்; ஆனால் வாரா வாரம், சிலருக்கு தினமும் சார்ஜ் போட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதில் கட்டுப்பாடு, உடல் வலிக்குச் சூடேற்றும் டயாதெர்மி கூடவே கூடாது. அமைப்பை மாற்றத் தெரிந்த மையம் ஒன்று வாழ்நாள் முழுவதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆய்வின் பகுதியாகப் பொருத்திக்கொள்பவர், ஆய்வு முடிந்த பிறகு அடுத்த பேட்டரிக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சுட்டவருக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. ஒருநாள் போகிறார், வருகிறார். ஆனால் தவறினால் திருத்த வழி இல்லை.

ஆகவே ஒப்பீடு "நிரந்தரம் எதிர் தற்காலிகம்" என்று அமையவில்லை. ஒரு பக்கம் ஒரே தடவையில் முழு ஆபத்தையும் ஏற்றுக்கொள்வது. மறு பக்கம் அதைச் சிறு தவணைகளாக வாழ்நாளுக்கும் பிரித்துக்கொள்வது. யாருக்கு எது தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது. நல்ல மையத்துக்கு அருகில் இருப்பவர், வீட்டில் துணை உள்ளவர், சிறு பக்கவிளைவைக்கூட ஏற்க மனமில்லாதவர், மூளையைக் கூர்மையாகப் பயன்படுத்தும் தொழிலில் இருப்பவர் என்றால் நான் டி.பி.எஸ். பக்கம் சாய்வேன். தொலைவில் இருப்பவர், தனியாக வாழ்பவர், தொற்று வரக்கூடிய உடல்நிலை உள்ளவர், அல்லது அழுக்குப் பயம் கடுமையாக இருந்து உடலுக்குள் ஒரு பொருள் இருக்கும் எண்ணமே தாங்காதவர் என்றால் சுடுவது பொருத்தமாக இருக்கலாம்.

மனச்சோர்வுக்கும் இதே கணக்கைப் போட வேண்டாம். 2005-இல் டொரன்டோவில் ஹெலன் மேபெர்க் குழு டி.பி.எஸ். செய்த 6 பேரில் 4 பேர் தேறியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. பிறகு 90 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், ஆறு மாத முடிவில் உண்மைத் தூண்டலில் 20 சதவீதம், போலியில் 17 சதவீதம் என்று வந்து, வித்தியாசமே இல்லாமல் போயிற்று; அந்தச் சோதனை நடுவிலேயே நிறுத்தப்பட்டது. அதே நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் இருந்தது என்பதால் ஆராய்ச்சி சாகவில்லை. ஆனால் இன்றைய நிலையில் மனச்சோர்வுக்கு அறுவை என்றால் அது ஒழுங்காக நடத்தப்படும் ஆய்வுக்குள் மட்டும் இருக்கட்டும். மனச்சிதைவுக்கு யாராவது அறுவையைப் பரிந்துரைத்தால், மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் குளோசபின் முறையாகக் கொடுக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஜீன் டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில்?

உறவினர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. காரணம் தெரிந்தால் சிகிச்சை எளிதாகும் என்று யாரும் நினைப்பார்கள். சில நரம்பு நோய்களில் அது நிஜமும்கூட. தசைகள் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவில், டி.ஒய்.டி.1 என்ற மரபணுப் பிழை இருப்பவருக்கு டி.பி.எஸ். நன்றாக வேலை செய்யும் என்று மருத்துவர் முன்கூட்டியே நம்பிக்கையோடு சொல்லலாம். வலிப்பு நோயில் எஸ்.சி.என்.1ஏ போன்ற மரபணுவில் பிழை இருந்தால் மூளையின் ஒரு பகுதியை எடுக்கும் அறுவையால் பயன் வருவது அரிது என்பதால், கத்தி எடுப்பதற்கு முன் சோதனை அர்த்தமுள்ளது. அங்கே ஒரு மரபணு, ஒரு தெளிவான விளைவு, ஒரு தெளிவான முடிவு.

மனநோய்கள் அப்படி உருவாவதில்லை. ஓ.சி.டி.க்கு 2025-இல் வந்த மிகப் பெரிய மரபணு ஆய்வு 53,660 நோயாளிகளை, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டது. அகப்பட்டவை மரபணுத் தொகுதியில் 30 இடங்கள். அந்த 30-இல் ஒவ்வொன்றும் நோயின் வாய்ப்பை அணுவளவு கூட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் பின்னால் இருக்கின்றன. அவற்றில் பல, ஓ.சி.டி. இல்லாதவர்களிடமும் இருக்கின்றன, எனக்கும் அவற்றில் பாதி இருக்கக்கூடும், நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். மனச்சிதைவில் 2014-இல் 108 ஆக இருந்த இடங்கள் 2022-இல் 287 ஆகின. நோயின் உயிரியலைப் புரிந்துகொள்ள அது பெரும் வரவு. அறை ஒன்றில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்ல, இன்னும் போதாது. மேலும், இந்த ஆய்வுகளில் இரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்தச் சிறு வேறுபாடுகளைக் கூட்டி, அவர்களை வைத்துக் கணக்கிட்ட ஆபத்து மதிப்பெண் மற்றவர்களுக்கு அதே துல்லியத்தோடு பொருந்துவதில்லை.

இந்தத் துறை தன் பிழையைத் தானே கண்டுபிடித்த வரலாறும் உண்டு. செரோடோனின் கடத்தி மரபணுவின் ஒரு வகை, வாழ்வில் அடிபட்டவர்களை மனச்சோர்வுக்குள் தள்ளுகிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. பல வருடம் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் தரவில் அப்படிப் பேர்பெற்ற 18 மரபணுக்களைச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் முக்கியமாகத் தெரியவில்லை. ஆகவே "மனச்சோர்வு மரபணு", "ஓ.சி.டி. மரபணு" என்று ஒற்றைப் பெயரைக் காட்டி விற்கப்படும் சோதனைகளிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

"பரம்பரை" என்ற சொல் வீட்டுக்குள் செய்யும் சேதம் தனி. "உங்க பக்கத்துல யாருக்கு இருந்தது?" என்ற கேள்வியை அம்மா எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சிதைவின் மரபுப் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம், மனச்சோர்வுக்கு 37 சதவீதம் அளவில், ஓ.சி.டி. நடுவில். இந்த 80, பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் எண் அல்ல. மக்கள்தொகை ஒன்றில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபால் விளைகிறது என்பதன் கணக்கு அது. பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவில்தான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்குப் பாதி நேரம் வருவதில்லை. ஒரு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ "வந்தது" என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? சில இடங்களில் கண்டிப்பாக வேண்டும். 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வகை நோய் வருகிறது. பிறவி இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, கால்சியம் குறைவு, படிப்பில் பின்தங்கல் ஆகியவற்றில் சில சேர்ந்திருந்தால் அதைத் தேட வேண்டும்; கண்டுபிடித்தால் கால்சியத்தையும் இதயத்தையும் கவனிக்கலாம், மருந்தின் அளவையும் நிதானமாக ஏற்றலாம். செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் இளம் வயதில் மனநோய் போலவே தொடங்கலாம். அதற்கு மருந்து உண்டு. அதைத் தவறவிட்டுவிட்டு மூளையில் மின்முனை பதிப்பது பெரும் அநியாயம். இருமுனைக் கோளாறுக்கு கார்பமசெபின் கொடுப்பதற்கு முன் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற வகை இருக்கிறதா என்று ஆசிய வம்சாவளியினரிடம் பார்ப்பது, தோல் உரிந்து உயிரையே பறிக்கக்கூடிய ஒவ்வாமையைத் தடுக்கும். 2007-இலிருந்து அமெரிக்க எஃப்.டி.ஏ. இதை எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறது.

மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஜீன் பேனல், அதாவது சில மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் சோதனை, இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. சி.ஒய்.பி.2டி6, சி.ஒய்.பி.2சி19 ஆகிய கல்லீரல் நொதிகள் சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மந்தமாகவும் வேலை செய்கின்றன. மருந்து உடலில் எவ்வளவு தங்கும் என்பதை அது மாற்றும். ஆனால் எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அது சொல்லாது. மனச்சோர்வு உள்ள 1,944 முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், இந்தப் பேனலைப் பார்த்து மருந்து கொடுத்ததால் கிடைத்த கூடுதல் பலன் சிறியதாக இருந்தது; 24-ஆம் வாரத்தில் அதுவும் நிற்கவில்லை. அண்ணனுக்கு நாங்கள் இதை எடுக்கவில்லை. குளோமிப்ரமின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நேராகவே அளந்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். நொதி மந்தமா, வேகமா என்று ஊகிப்பதைவிட அது நேரான பதில்.

ஆக, அறுவையா வேண்டாமா, சுடுவதா தூண்டுவதா என்ற கேள்வியில் ஓ.சி.டி.க்கு மரபணுச் சோதனை இன்று எந்தப் பக்கத்துக்கும் எடை சேர்ப்பதில்லை. ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுக்கச் சொன்னால் அண்ணனும் நானும் கொடுப்போம். அந்த முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க மாட்டோம்.

எங்கள் வீட்டில்

எனக்கும் அண்ணனுக்கும் கருத்து ஒன்றாகவில்லை. அறுவை என்று வந்தால் டி.பி.எஸ். என்பது என் எண்ணம். திருத்த முடியாத எதையும் என் அண்ணன் மூளையில் செய்யப் பயமாக இருக்கிறது எனக்கு. ஒரு மாலை முழுக்க அவருக்கு இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"டேய், சார்ஜ் இருக்கா இல்லையான்னு பாக்கறதே எனக்கு அடுத்த வேலையாயிடும்டா. கதவு போயி பேட்டரி வரும். நாப்பது தடவை பாப்பேன்."

நான் படித்த எந்த ஆய்விலும் இந்த வரி இல்லை. 17 வருடமாகச் சரிபார்த்துக்கொண்டே இருப்பவரின் நெஞ்சில், வாழ்நாள் முழுவதும் சரிபார்க்க வேண்டிய ஒரு பொருளை வைக்க நான் வாதாடிக்கொண்டிருந்தேன். பிறகு மருத்துவரிடம் இதையே சொன்னோம். சரிபார்க்கும் வகை ஓ.சி.டி. உள்ளவரிடம் இதைக் கட்டாயம் பேச வேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார். அண்ணன் மனதளவில் காமா கேப்சுலோட்டமி பக்கம் இருக்கிறார். மந்தம் வரலாம், எடை கூடலாம் என்பதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். மூளை அவருடையது, சம்மதமும் அவருடையதாகத்தான் இருக்க முடியும். நோயாளியை விட்டுவிட்டுக் குடும்பம் மட்டும் கேட்டால் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் மையத்தை நான் நம்ப மாட்டேன்.

இப்போதைக்கு அறுவைத் தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. குளோமிப்ரமின் இந்த முறை முழு அளவில், இரத்தத்தில் அளந்து பார்த்து, 11-ஆவது வாரம் ஓடுகிறது. இ.ஆர்.பி. முதல் முறையாக உண்மையிலேயே நடக்கிறது. நேற்று 14-ஆவது அமர்வு. கதவைப் பூட்டிவிட்டு, ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடக்க வேண்டும் என்பது பாடம். அண்ணன் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தார். சிகிச்சையாளர் நாளைக்கும் அதே பாடத்தையே வைத்திருக்கிறார்.